பஞ்சாபில் அரசே நெல்லும் கோதுமையும் வாங்கும்போது நடுவில் கமிஷன் ஏஜென்ட் எதற்கு?

இதே கேள்வியை நானும் கேட்டவன்தான், அதுவும் வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு. சங்ரூர் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் நான்கு வருடம் விவசாயக் கடன் பார்த்தேன். ('இரண்டே வருடம், அப்புறம் சொந்த மாநிலம்' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். என் மகள் தமிழுக்கு முன்னால் பஞ்சாபி பேசினாள். அதை விடுங்கள்.)

ஏஜென்டுக்கு அங்கே ஆர்த்தியா என்று பெயர். மண்டியில் தானியத்தை இறக்கி, சுத்தம் செய்து, எடை போட்டு அரசுக் கொள்முதலுக்குக் கொடுப்பார். கமிஷன் நீண்ட காலம் இரண்டரை சதவீதமாக இருந்தது. தானியத்தை வாங்குகிறவர்தான் அதைத் தருகிறார், விவசாயி இல்லை. ஆனால் அவருடைய அசல் தொழில் கடன் கொடுப்பது. விதை, டீசல், பூச்சிமருந்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் கொடுத்து, அறுவடையில் பிடித்துக்கொள்வார். ஆதார விலைப் பணமும் அவர் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2021 ஏப்ரலில், கோதுமை குவிண்டால் 1975 ரூபாய் விற்றபோது, அது நேராக விவசாயி கணக்குக்கு மாறியது.

எனக்கு ஒரே சந்தோஷம். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தன் ஆர்த்தியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். "பாபா ஜி, பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. இனி இவர் எதற்கு?" என்று அந்த ஆள் காதுபடவே சொன்னேன்.

பெரியவர் கோபப்படவில்லை. "காக்கா" என்றார். (சின்னப் பையனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் மாதம் முழுக்க என்னைத் திட்டுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.) "போன ஜூலையில் எனக்கு ராத்திரி கரண்ட் முறை. மோட்டார் எரிந்துபோனது. நாற்று நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பதினோரு மணிக்கு இவன் மகன் பணத்தோடு பைக்கில் வந்தான். உன் பேங்க் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

அவர் பெயர் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கவே, ஃபைலை எடுத்தேன். முந்தின வருடம் விவசாயக் கடன் அட்டையின் வரம்பை உயர்த்தச் சொல்லி மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் திருப்பி அனுப்பியது நான்தான். ஐந்து கில்லா நிலம், அதாவது ஐந்து ஏக்கர். ஆனால் இறந்துபோன அப்பா பெயரிலேயே கிடக்கிறது, நான்கு பேர் பங்கு பிரிக்கவில்லை. 'பட்வாரியிடம் பெயர் மாற்றி, ஃபர்த் (நிலம் யார் பேரில் என்று காட்டும் பதிவு) நகல் கொண்டு வாருங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்வாரி நம் ஊர் விஏஓ மாதிரி. அவரைப் பிடிக்கவே நாலு நடை நடக்க வேண்டும். விதிப்படி நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

உடனே 'கந்துவட்டிக்கு வக்காலத்தா' என்று வராதீர்கள். மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. கணக்கு முழுக்க ஆர்த்தியாவின் நோட்டில், விவசாயி கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அதில் நிலத்தைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இதுவும் நிலம் இருப்பவர் கதைதான். மாநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தலித். அவர்களில் பெரும்பாலோருக்கு நிலமே இல்லை, ராத்திரியில் பணம் அனுப்ப எந்த ஆர்த்தியா வருவான்?

பெரியவர் அன்றைக்குச் செக் புத்தகத்தை எடுத்து, கையெழுத்து மட்டும் போட்டு நீட்டினார். ஆர்த்தியா என் பேனாவை வாங்கித் தொகையை எழுதினார்.