வாய்ச்சொல்லில் கிளினிக் தொடங்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் மகப்பேறு மருத்துவர். கருங்கலில் சொந்தமாகக் கிளினிக் தொடங்க இருக்கிறேன். திருவனந்தபுரத்து நிறுவனம் ஒன்று, உரிமங்கள் முதல் விளம்பரம் வரை எல்லாவற்றையும் செய்துதர மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறது. அப்பாவோ, தெரிந்த ஆட்கள் இருக்கும்போது காசு எதற்கு என்கிறார். கட்டடம் அவருடைய நண்பருடையது. வாடகைக்கு வாய்ச்சொல்லே போதும் என்கிறார். நான் யாருடைய உதவியை நாடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள டாக்டர்,

நம் குமரி மாவட்டத்தில் எந்தக் காரியத்தையும் தெரிந்த ஆள் வழியாகவே முடிக்கும் பழக்கம் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்திருக்கிறது என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. தம் ஆலோசனைக்கு நோயாளி கட்டணம் தரவேண்டும் என்று எதிர்பார்க்கும் மருத்துவர், வழக்கறிஞரின் ஆலோசனையை மட்டும் இலவசமாகப் பெற நினைப்பது சரியல்ல. கட்டணம் வாங்கியவரிடம் திரும்பப் போய்க் கேள்வி கேட்கலாம். உதவியாகச் செய்தவரிடம் அவர் சொன்னது தவறு என்று சொல்ல நமக்கு நா எழாது.

என் தாய்மாமா மார்த்தாண்டத்தில் மருத்துவராக இருந்தார். உறவினர் ஒருவரின் கட்டடத்தில் வாய்ச்சொல்லை நம்பித் தொடங்கி, சொந்தப் பணத்தில் பிரசவ அறை கட்டி, ஆழ்துளைக் கிணறும் போட்டார். உறவினர் இறந்த பிறகு, வளைகுடாவிலிருந்து திரும்பிய மகன் அங்கே கடைகள் கட்டப்போவதாகச் சொன்னபோது, மாமாவிடம் எடுத்துக் காட்ட ஒரு தாள்கூட இருக்கவில்லை. வேறு தெருவில் மறுபடி தொடங்கினார் என்றாலும், பழைய நோயாளிகளில் பலர் வந்து சேரவில்லை. அத்தை அந்தப் பழைய தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே, ஒரு நாற்காலி வாங்குவதற்கு முன்பாகவே வாடகை ஒப்பந்தத்தை எழுதுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும் என்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் பதியவேண்டும்; அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதத்திற்கு எழுதுகிறார்கள். நோயாளிகளின் நம்பிக்கையைப் பெறவே சில ஆண்டுகள் பிடிக்கும் தொழிலுக்கு 11 மாதம் எந்த மூலைக்கு? ஐந்து ஆண்டுகளாவது கேளுங்கள். நீங்கள் செலவழித்துச் செய்யும் மாற்றங்கள் யாருக்குச் சேரும், காலி செய்ய எத்தனை மாத அவகாசம், உரிமையாளருக்குப் பின் வாரிசுகள் இதற்குக் கட்டுப்படுவார்களா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ஸ்கேன் கருவி வைத்தால், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீங்கள் பெறும் பதிவு அந்த இடத்திற்கு உரியது. இடம் மாறினால் அந்த வேலையையும் மறுபடி செய்யவேண்டும்.

கட்டடத்தின் உரிமையைச் சரிபார்த்து ஒப்பந்தம் எழுத வெளியூர் நிறுவனம் உதவாது. முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த மண் இது. பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும், பாகப்பிரிவினை முடியாத சொத்துகளும் நிறைய. குழித்துறை நீதிமன்றத்தில் நிலவழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கொடுத்து, கட்டணம் கட்டி, எழுத்தில் கருத்துப் பெறுங்கள்.

மற்றவை பெரிய விஷயங்கள் அல்ல. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படியான கிளினிக் பதிவையும், மருத்துவக் கழிவுக்கான ஏற்பாட்டையும் நீங்களே முடிக்கலாம். ஆடிட்டரைத் தொடக்கத்திலேயே பாருங்கள்: மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய வரிமுறை இருக்கிறது என்றாலும், கருவிகளுக்குப் பெரும்பணம் செலவாகும் முதல் ஆண்டில் அது உங்களுக்கு நஷ்டமாக முடியலாம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டதால், தொழில்சார் காப்பீடும் எடுத்துவிடுங்கள். நோயாளிகளைக் கவரும் விளம்பரத்துக்கும் அவர்களை அனுப்பும் கமிஷனுக்கும் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இடமில்லை. அந்த நிறுவனம் அவற்றையும் சேர்த்துத்தான் மூன்று லட்சம் கேட்கிறது என்றால், அதனோடு பேச்சை இன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். நண்பரிடம் பத்திரம் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர் தயங்குவார். கேட்பவர் வழக்கறிஞராக இருந்தால் அந்தச் சங்கடம் அவருக்கு இராது.