எலிமென்ட்பேஸ் துணை வகுப்பில் வைத்த மதிப்பு மறைவது பற்றி

எலிமென்ட்பேஸ் என்பது பைத்தானின் எக்ஸ்எம்எல் நூலகமான எல்எக்ஸ்எம்எல்-இல் உறுப்புகளுக்கான அடிப்படை வகுப்பு. அதன் துணை வகுப்பில் வைத்த மொத்தத் தொகை, அதே உறுப்பை 'ஃபைண்ட்' கொண்டு மறுபடி தேடி எடுத்தால் காணாமல் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தொகையை 'செல்ஃப்.மொத்தம்' என்று பைத்தான் பொருளில் வைக்காமல், 'செட்' முறையைக் கொண்டு அந்த உறுப்பின் பண்புக்கூறாக எக்ஸ்எம்எல் மரத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். 'செட்' எண்ணை நேரடியாக ஏற்காது, சரமாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எல்எக்ஸ்எம்எல் உண்மையான மரத்தை லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி மொழி நூலகத்தின் வசம் வைத்துக்கொண்டு, உங்கள் வகுப்பின் பொருளைத் தேவைப்படும்போது மட்டும் உருவாக்கி, அதைச் சுட்டும் மாறி எதுவும் இல்லாதபோது நீக்கிவிடுவதால், இரண்டாவது 'ஃபைண்ட்' அழைப்பில் கிடைப்பது பெரும்பாலும் புதிய பொருளாகவே இருக்கும்.

முதலில் கிடைத்த உறுப்பை ஒரு மாறியில் பிடித்துவைத்து மறுபடி தேடிப் பாருங்கள். மதிப்பு அப்படியே இருந்தால் காரணம் இதுதான். ஆனால் பெரிய கோப்புகளில் நினைவகத்தை விழுங்கும் என்பதால், அதையே தீர்வாகக் கொள்ள வேண்டாம்.

இரட்டை அடிக்கோட்டு 'இனிட்' (__init__) என்ற தொடக்க முறை இவ்வகுப்புகளில் கூடவே கூடாது. ஒற்றை அடிக்கோட்டு 'இனிட்' (_init) அனுமதிக்கப்பட்டாலும், பொருள் உருவாகும் ஒவ்வொரு முறையும் அது ஓடும்.