ரேச்சல் கார்சன் எழுதிய புத்தகத்தால்தான் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி அமெரிக்காவில் தடை செய்யப்பட்டதா?

புத்தகம் மட்டுமே காரணம் இல்லை. ஆனால் அது வராமல் இருந்திருந்தால் தடை அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பது என் கருத்து.

கார்சன் 1907-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். விலங்கியல் படித்து, அரசு மீன்வளத் துறையில் வேலை பார்த்தார். கடலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1951-இல் நன்றாக விற்றதும், வேலையை விட்டு முழுநேரமாக எழுத வந்துவிட்டார்.

1962-இல் வந்தது 'மௌன வசந்தம்' (Silent Spring), மேலே சொன்ன புத்தகம் இதுதான். அதில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்ததை விவரிக்கிறார். எல்ம் மரங்களுக்கு நோய் பரப்பும் வண்டுகளைக் கொல்ல டிடிடி அடித்தார்கள். மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன, மண்புழுக்கள் அவற்றைத் தின்றன. வசந்தத்தில் திரும்பி வந்த ராபின் பறவைகள் அந்தப் புழுக்களைத் தின்று, உடல் நடுங்கிச் செத்து விழுந்தன. மரத்துக்கு அடித்த விஷம் பறவைக்குப் போய்ச் சேரும் வழியை இவ்வளவு தெளிவாகச் சொன்னதுதான் அவருடைய பெரிய சாதனை.

ரசாயன நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. மார்பகப் புற்றுநோயோடு போராடியபடியே பதில் சொன்னார். அமெரிக்க அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963-இல் கொடுத்த அறிக்கை பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. 1964-இல், 56 வயதில் இறந்தார்.

அமெரிக்கத் தடை வந்தது 1972-இல். அப்புறம் ஒன்று: பூச்சிக்கொல்லிகளையே ஒழிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான் எதிர்த்தார். மலேரியாக் கொசுவைக் கட்டுப்படுத்த டிடிடி-யைப் பயன்படுத்த சர்வதேச ஒப்பந்தத்தில் இன்றும் இடம் உண்டு.