தக்காளியும் புளியும் இல்லாமல் ஒரு காய்கறி சாஸ்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ள என் கணவருக்குத் தக்காளியை அறவே நிறுத்தும்படி ஆயுர்வேத வைத்தியர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் சப்பாத்திக்கும் சேவைக்கும் தக்காளி சாஸ்தான் வழக்கம். பீட்ரூட்டை வேகவைத்து அரைத்துப் புளி கரைத்து ஊற்றிப் பார்த்தேன். நிறம் வந்ததே தவிர, இனிப்பும் மண்வாடையும் தூக்கலாக இருந்தன, எரிச்சலும் குறையவில்லை. சரியான முறை என்ன?”

எரிச்சல் குறையாததற்குப் புளியே காரணமாக இருக்கலாம். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக இங்கு வந்த காய் என்பதால் பழைய ஆயுர்வேத நூல்களில் அதற்கு இடமில்லை. இன்றைய வைத்தியர்கள் அதை விலக்கச் சொல்வது அதன் புளிப்புக்காகத்தான். புளிப்பு பித்தத்தைக் கூட்டும் என்பது அவர்களின் கணக்கு. அப்படியிருக்க, தக்காளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புளியை ஊற்றினால் பித்தத்துக்கு வேறு வாசல் திறந்துவிட்டதாகவே ஆகும். வந்தேறிக் காய் என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. நான் கீழே சொல்லப்போகும் பரங்கிக்காயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். இனிப்புச் சுவையுள்ளதால் அதை வைத்தியர்கள் பொதுவாக விலக்குவதில்லை.

புளிப்பே இல்லாமல் சாஸ் செய்தால் அது காய்கறிக் கூழாகத்தான் இருக்கும். இதற்கு நூல்களிலேயே ஒரு வழி இருக்கிறது. புளிப்புப் பொருள்கள் பெரும்பாலும் பித்தத்தைப் பெருக்கும் என்று கூறும் சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் சூத்திர ஸ்தானம் என்ற பகுதி, மாதுளையையும் நெல்லிக்காயையும் அந்த விதியிலிருந்து விலக்கி வைக்கிறது. அஷ்டாங்க ஹிருதயம் என்ற மற்றொரு நூலும் அதையே சொல்கிறது. ஆகவே உங்கள் சாஸுக்கு நெல்லிக்காயே அடிப்படைப் புளிப்பாகவும், மாதுளைச் சாறு கடைசியில் சேரும் புளிப்பாகவும் இருக்கட்டும். பெருநெல்லிக்காய் கிடைக்காத மாதங்களில், நாட்டு மருந்துக் கடையில் விற்கும் நெல்லிமுள்ளியை, அதாவது உலர்ந்த நெல்லிக்காயை, கழுவி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்துக்கொள்ளலாம்.

நான்கு பேருக்குச் செய்ய, நன்றாக முற்றிய மஞ்சள் பரங்கிக்காய் 300 கிராம், ஒரு கேரட், எலுமிச்சை அளவில் ஒரு பீட்ரூட், இரண்டு பெருநெல்லிக்காய், இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு ஆகியவை போதும். நீங்கள் பீட்ரூட்டையே முதற்பொருளாக வைத்ததால்தான் மண்வாடை மேலோங்கியது. அது நிறத்துக்கு மட்டுமே உரியது. சாஸின் உடம்பைப் பரங்கிக்காய் தர வேண்டும். பீட்ரூட்டைத் தோல் சீவாமல் முழுதாக ஆவியில் வேகவைத்துப் பிறகு தோலை உரித்தால் சாயம் நீரில் இறங்கி வீணாகாது. அதே இட்லிப் பானையில் நெல்லிக்காயையும் பத்து நிமிடம் வைத்தால், சுளைகள் பிரிந்து கொட்டை எளிதாகக் கழன்றுவிடும்.

பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக் குழைய வேகவையுங்கள். பரங்கிக்காயையும் கேரட்டையும் தண்ணீர் விடாமல், ஒரு மேசைக்கரண்டி நெய்யில் நடுத்தரத் தீயில் ஓரங்கள் பழுப்பேறும்வரை வதக்க வேண்டும். இந்தப் படியை மட்டும் அவசரப்படுத்தக் கூடாது. தக்காளியைச் சுண்ட வைக்கும்போது கிடைக்கும் ஆழ்ந்த சுவைக்கு இங்கே ஈடுகொடுப்பது இந்தப் பழுப்புதான். வெறுமனே வேகவைத்த பரங்கிக்காயில் தித்திப்புத்தான் மிஞ்சும். அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றை நெய்யில் வறுத்து, வதக்கிய காய், பீட்ரூட், பருப்பு, நெல்லி எல்லாவற்றையும் சேர்த்து மையாக அரைத்து, இந்துப்புப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். சற்று ஆறியதும் கால் கோப்பை மாதுளைச் சாற்றைக் கலக்க வேண்டும். மிளகாய் வேண்டாம், மிளகும் சூடுதான் என்பதால் ஒரு சிட்டிகைக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செரிமானம் மந்தமாக இருந்தால் ஒரு சிட்டிகை சுக்குப்பொடி சேர்க்கலாம். சித்திரை வெயிலில் அதுவும் தேவையில்லை. வெங்காயமும் பூண்டும் ஆயுர்வேதத்துக்கு ஆகாதவை என்று பலர் நினைக்கிறார்கள். பூண்டை அந்த நூல்கள் மருந்தாகவே போற்றுகின்றன; ஆனால் அது சூடு மிக்கது, உங்கள் கணவரின் இன்றைய நிலைக்கு ஒத்துவராது. கெட்டியாக வேண்டும் என்பதற்காகப் பாலோ பாலாடையோ ஊற்றிவிடாதீர்கள். புளிப்போடு பால் சேர்வதை ஆயுர்வேதம் விருத்த ஆகாரம், அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு, என்று விலக்குகிறது.

தினமும் சாஸ்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், தஞ்சைப் பக்கத்துப் பொரித்த குழம்பையும் நினைவூட்டுகிறேன். பாசிப்பருப்பு, புடலங்காய் அல்லது அவரைக்காய், தேங்காய், சீரகம், கொஞ்சம் மிளகு. புளியும் கிடையாது, தக்காளியும் கிடையாது. திவசச் சமையலில் தக்காளி சேர்க்காத வழக்கமுள்ள வீடுகளில், தக்காளி இல்லாமல் குழம்பும் கூட்டும் செய்யும் கைப்பக்குவம் மூத்தவர்களிடம் இன்றும் இருக்கிறது. சேவைக்குப் பொரித்த குழம்பு நன்றாகவே சேரும்.

நீரிழிவு உள்ளவருக்கு இந்த சாஸைப் பரிமாறினால் அளவைக் குறைத்து, மாதுளைச் சாற்றையும் பாதியாக்குங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பரங்கிக்காய், பீட்ரூட், மாதுளை மூன்றிலும் உள்ள பொட்டாசியம் பொருட்படுத்த வேண்டிய விஷயம். மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம். எரிச்சல் நீடித்தாலோ, விழுங்குவதில் சிரமமோ எடைக் குறைவோ இருந்தாலோ பத்தியத்தோடு நிற்காமல் மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.

கடையில் விற்கும் தக்காளி சாஸ் பல மாதம் கெடாமல் இருப்பதற்கு அதில் உள்ள அமிலமும் வினிகரும் சர்க்கரையும் உப்பும் காரணம். இதில் அந்தப் பாதுகாப்பு இல்லாததால் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.