கை கூப்பினால் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 69 வயது. நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவன். 18 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் எடுத்த மூன்று மாத சர்க்கரை டெஸ்டில் 8.6 வந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதமும் கொஞ்சம் கூடுதல். சர்க்கரை புரதத்தில் ஒட்டிக் கெடுப்பதால் அழற்சி வரும் என்கிறார் எங்கள் டாக்டர். காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. எல்லாம் ஒன்றுதானா? ஒட்டியதை நீக்க மருந்து உண்டா?
– ஓய்வுபெற்ற நெசவாளர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஐயா, முதலில் சாமி கும்பிடுவதுபோல் இரண்டு கைகளையும் அழுத்திச் சேர்த்துப் பாருங்கள். உள்ளங்கையும் விரல்களும் முழுதாக ஒட்டுகின்றனவா, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? அஸ்தம்பட்டியில் 31 வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்கள் வணக்கம் சொல்லும்போதே என் கண் அந்த இடைவெளிக்குத்தான் போகும். என் அம்மாவின் கையில் மட்டும் அதைப் பார்க்கத் தவறினேன். பூத்தொடுக்க வரவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

நீங்கள் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டவர். காய்வதற்குள் பிரித்துவிடாவிட்டால் இழையோடு இழை ஒட்டி விறைத்துவிடும் இல்லையா? ரத்தத்தில் சர்க்கரை கூடினால், தசைநாரிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கும் அதுதான் நடக்கிறது. விரல் விறைத்து, கூப்பிய கையில் இடைவெளி விழுவது அதனால்தான். தொடக்கத்தில் ஒட்டுவது பிரியக்கூடியது. மாதக்கணக்கில் சர்க்கரை இறங்காமலே இருந்தால் அது பிரியாத ஒட்டாகிவிடும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரை அணுவோடு போய்விடும். உங்கள் மூன்று மாத டெஸ்ட் அளப்பது அதைத்தான். கொலாஜனோ வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

சரி, அழற்சி எங்கிருந்து வருகிறது? ரத்தக்குழாய்ச் சுவரிலும் நோய் எதிர்ப்பு அணுக்களிலும் ‘ரேஜ்’ என்ற ஏற்பி இருக்கிறது. கெட்டுப்போன புரதம் அதில் பட்டதும், கிருமியோ காயமோ வந்துவிட்டதுபோல அணு அபாயச் செய்தி அனுப்பும். செய்தி கல்லீரலுக்கு எட்டினால் அது சிஆர்பியைச் சுரக்கும். காய்ச்சல்போல வந்து போகாமல், உமித்தீயாக உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். இந்தக் கழிவை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் வயதாக ஆக வேகம் குறைகிறது. அதனால் சர்க்கரை இல்லாத பெரியவர்களிடமும் ஓரளவு சேரத்தான் செய்யும்.

ஆனால் சிஆர்பி முழுவதையும் இதன் தலையில் கட்டிவிடாதீர்கள். ஈறு வீக்கம், பீடி, தொப்பை, சின்னத் தொற்று எல்லாமே அதை ஏற்றும். விரல் முட்டிகள் வீங்கி, இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பிரியாத ஒட்டை உடைக்கும் மாத்திரை இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. யாராவது பொடி விற்றால் வாங்க வேண்டாம். இனி ஒட்டுவதைக் குறைக்கலாம், அது நம் கையில் இருக்கிறது. 8.6-ஐ உங்கள் டாக்டர் சொல்லும் அளவுக்கு நிதானமாக இறக்குங்கள். இந்த வயதில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கி விழுந்தால் அது பெரிய ஆபத்து. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், விழித்திரை மூன்றையும் வருடம் ஒருமுறை பாருங்கள். தினமும் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரல்களை மெல்ல நீட்டிவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. முறுகப் பொரித்த கறியிலும் சுக்காவிலும் இதே சர்க்கரை-புரதச் சேர்க்கை அடுப்பிலேயே நடந்துவிடுகிறது. வேகவைத்ததிலும், புளியோ எலுமிச்சையோ சேர்த்ததிலும் குறைவு. இட்லியும் மீன் குழம்பும் தாராளமாக ஆகும், இட்லியை எண்ணிச் சாப்பிட்டால். சாயங்காலத் தட்டுவடை செட்டைத் தினமும் வேண்டாம், எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி நம்மூர்ச் சரக்குதான். ஆனால் அது அத்தனையும் மாவுச்சத்து, ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும்.

கேள்வி: சர்க்கரை புரதத்தில் ஒட்டும் வினைதான் காப்பிக்கொட்டை வறுபடும்போதும் நடக்கிறது என்று படித்தேன். 72 வயதில் காப்பியை விடணுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வினை அதேதான் அம்மா. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விவரித்தது. ஆனால் ஒரு டம்ளர் காப்பியில் இறங்கும் அளவு மிகக் குறைவு. காப்பி இருக்கட்டும். அதில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைத்தான் விடச் சொல்வேன்.