கூட்டு மருந்து: கேட்டதும் சொன்னதும்

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்தவன் என்பதால் எச்.ஐ.வி. கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கேள்விகளில் வரும் சிடி4 என்பது எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை; குறையக் குறைய ஆபத்து.

கே: அண்ணனுக்கு சிடி4 62. மாத்திரை தொடங்கி மூன்று வாரம். இப்போது காய்ச்சல், கழுத்தில் கட்டி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

ப: மாத்திரையை நிறுத்தாதீர்கள், நாளைக் காலையே மையத்துக்கு அழைத்துப் போங்கள். பதுங்கியிருந்த காசநோயாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி தலைதூக்கியதும் உடல் அதோடு மல்லுக்கு நிற்கிறது. காய்ச்சலும் கட்டியும் அதனால்தான். சிகிச்சையில் இருப்பவர்களை நாங்கள் அதிகம் இழப்பது முதல் சில மாதங்களில். சேரும்போதே சிடி4 200-க்குக் கீழே, எடைக் குறைவு, ரத்தசோகை, காசநோய் என்றிருந்தால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். 36 கிலோ எடையில் ஒருவரை அவருடைய தம்பி தூக்கிவந்தார். இருமல் உண்டா என்றேன். இல்லை என்றார். மடியிலிருந்த துண்டில் ரத்தம் கலந்த சளி காய்ந்திருந்தது. இருமலை மறைக்காதீர்கள். காசநோய் உறுதியானால் ரிஃபாம்பிசின் தருவார்கள். அது எச்.ஐ.வி. மாத்திரையில் இருக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். அதனால் 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. டோலுடெக்ராவிர் மாத்திரை தேவைப்படும். ஏ.ஆர்.டி. மையம், காசநோய்க்கு மருந்து தரும் இடம், இரண்டிலும் எல்லா மருந்தையும் காட்டுங்கள்.

கே: வயது 29, சிடி4 480. எத்தனை ஆண்டு வாழ்வேன்?

ப: நாள் தவறாமல் விழுங்கினால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். வருங்கால வைப்பு நிதியில் கைவைக்காதீர்கள்.

கே: இரும்புச்சத்து மாத்திரை சேர்க்கலாமா?

ப: டோலுடெக்ராவிர் விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்து.

கே: சிடி4 610. ஊர் வைத்தியர் மாத்திரையை விட்டுவிட்டு லேகியம் மட்டும் போதும் என்கிறார்.

ப: அந்த 610-ஐ வாங்கித் தந்தது மாத்திரை. சிடி4 350-க்கு மேல் இருந்தபோது மருந்தை நிறுத்திப் பார்த்த ‘ஸ்மார்ட்’ என்ற பன்னாட்டு ஆய்வை 2006-இல் பாதியிலேயே முடித்தார்கள். நிறுத்தியவர்களிடம் தொற்றோ இறப்போ நேர்ந்தது இரு மடங்குக்கு மேல்.

கே: தாம்பரம் அரசு மருத்துவமனையே சித்த மருந்து கொடுத்ததே?

ப: கொடுத்தது, கூட்டு மருந்து ஏழைக்கு எட்டாத காலத்தில். 2004 ஏப்ரலில் அரசு அந்தக் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

கே: அப்படியானால் சித்த மருத்துவமே பொய்யா?

ப: நான் அப்படிச் சொன்னேனா? லேகியத்தைச் சாப்பிடுங்கள், மையத்தில் கேட்டுவிட்டு. மாத்திரையை விடாதீர்கள்.

கே: டாக்டர், எத்தனை ஆண்டு வாழலாம்?

ப: மேலே இருக்கிறது. இது மூன்றாவது முறை.

கே: வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ப: 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அதைத் தடுக்கிறது. வழக்கறிஞரைப் பாருங்கள், அரசின் எய்ட்ஸ் உதவி எண் 1097-இலும் கேட்கலாம்.

கே: லாரி ஓட்டுகிறேன். இரவு மாத்திரை தப்பிவிடுகிறது.

ப: நினைவு வந்ததும் விழுங்குங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்க்க வேண்டாம். நாமக்கல் ஓட்டுநர் ஒருவர் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்திருந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை தானாக அந்தப் பெட்டிக்குத்தான் போகும் என்றார்.