அனலும் தூக்கமின்மையும்: எல்லாவற்றுக்கும் மன அழுத்தம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 48. இரண்டு ஆண்டுகளாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. பகலில் திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் அனலாய்க் கொதிக்கின்றன. இரவில் வியர்வையில் நனைந்து எழுந்து, விடியும்வரை விழித்துக் கிடக்கிறேன். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். "நீ தேவையில்லாமல் டென்ஷன் ஆகிறாய், மனசை அமைதியாக வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகும்" என்கிறார் கணவர். மருத்துவரும் "ஸ்ட்ரெஸ்தான், குறைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். உடல்நல ஆலோசகர் ஒருவரோ, மன அழுத்தம் என் பெண் ஹார்மோன்களைத் திருடிவிட்டது, அட்ரீனல் சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்லி, எச்சில் பரிசோதனைக்கும் மாதாமாதம் மாத்திரைகளுக்கும் பணம் கட்டச் சொல்கிறார். இது ஹார்மோன் கோளாறா, மன அழுத்தமா? என்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரியாததுதான் என் குறையா?
– ஒரு வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. உங்களுக்கு அறிவுரை சொன்ன மூவரும் வெவ்வேறு குரலில் பேசியிருந்தாலும், கோளாறு உங்கள் சுபாவத்தில் இருக்கிறது, அதைத் திருத்திக்கொள்வது உங்கள் பொறுப்பு என்ற ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மன அழுத்தத்துக்கும் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளுக்கும் தொடர்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடர்பு உடலுக்குள் எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், உங்கள் மீது சுமத்தப்படும் பழிக்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை என்பது விளங்கும்.

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. நீங்கள் இருப்பது அதற்கு முந்தைய இடைக்காலம். பலருக்கு அது சில ஆண்டுகள் நீடிக்கிறது. இக்காலத்தில் முக்கியப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தாறுமாறாக ஏறி இறங்குகிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு பெண் ஹார்மோன் மிகக் குறைவாகவே சுரக்கிறது. சினைப்பை முன்போல் ஈடுகொடுக்காததால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி அதை முடுக்கிப் பார்க்கிறது. அதனால் ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் இளமைக் காலத்தைவிடவும் அதிகமாகச் சுரந்துவிட்டு, அடுத்த சில வாரங்களில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே, ஏதோ ஒரு நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'ஹார்மோன் நார்மல்' என்று வந்தாலும், உங்கள் தொல்லை கற்பனை என்று ஆகிவிடாது. 45 வயதைக் கடந்த பெண் இத்தகைய அறிகுறிகளோடு வந்தால், ஹார்மோன் பரிசோதனை இல்லாமலே, அவர் சொல்வதைக் கேட்டே முடிவு செய்யலாம் என்பது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அப்படிக் கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதாது.

அந்த அனலுக்கு வருவோம். உடலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி. வெப்பம் சிறிதளவு கூடினாலும் குறைந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் வியர்க்கவோ நடுங்கவோ வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் விலகும்போது, அங்கே கிஸ்பெப்டின், நியூரோகினின் பி ஆகியவற்றைச் சுரக்கும் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றிக் கிளர்ந்தெழுகின்றன. உடல் பொறுத்துக்கொள்ளும் வெப்ப எல்லை மிகவும் குறுகிவிடுகிறது. போர்வைக்குள் படுத்திருக்கையில் ஒரு டிகிரியில் சிறு பங்கு வெப்பம் கூடினாலே, உடல் கொதிப்பதாக எடுத்துக்கொண்டு மூளை தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. மார்பிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்கு அனல் ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஆடை நனைகிறது. சில நிமிடங்களில் வெப்பம் தேவைக்கு மேல் வெளியேறிவிட்டதால், சற்றுமுன் உதறிய போர்வையைக் குளிரில் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை, நியூரோகினின் பி வந்து சேரும் ஏற்பியை மட்டும் அடைத்தே இந்த அனலைக் குறைக்கிறது. சுபாவத்தில் உள்ள குறையை எந்த மாத்திரையும் இப்படி அடைக்க முடியாது.

மன அழுத்தம் நுழைவதும் இந்த இடத்தில்தான். பதற்றத்தில் சுரக்கும் நார்அட்ரினலின், ஏற்கெனவே குறுகிப்போன அந்த எல்லையை மேலும் குறுக்குவதாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 1990-களில் தொடங்கி, பல இனங்களைச் சேர்ந்த 3,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. அடிக்கடி அனல் வருபவர்களில் பாதிப்பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருந்தது. மன அழுத்தமும் கவலையும் மனச்சோர்வும் மிகுந்தவர்களுக்கு இன்னும் நீண்டிருந்தது. இதை எடுத்துக்காட்டி, "நான் சொன்னது சரிதானே" என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 ஆண்டுகள் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கவலையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மனத்துக்குள் ஓடும் கவலை ஒன்று. படபடப்பு, தலைவலி, வயிற்றுக் கலக்கம், தலைசுற்றல் என்று உடலில் தெரியும் பதற்றம் மற்றொன்று. பின்னால் வரப்போகும் அனலை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது இந்த இரண்டாவதுதான். மனக்கவலை அப்படிக் காட்டவில்லை. ஒரு பெண் அதிகமாக யோசிப்பதால் அவளுக்கு அனல் அடிக்கிறது என்ற பேச்சுக்கு இந்த ஆய்வில் இடமே இல்லை.

கார்ட்டிசாலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த ஆலோசகரின் வாதமே அதன்மீதுதான் நிற்கிறது. உடல் நெருக்கடியைச் சமாளிக்க, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தருகிற ஹார்மோன் அது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ஆய்வில், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கடைசிக் கட்டத்தில் சில பெண்களுக்கு இரவு நேரக் கார்ட்டிசால் உயர்ந்ததும், அவர்களுக்கு அனலும் கடுமையாக இருந்ததும் தெரியவந்தது. கார்ட்டிசால் உயர்வே இந்தப் பருவ மாற்றத்தின் ஒரு பகுதியாக வரக்கூடும் என்பதைத்தான் இது சுட்டுகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது: புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள், நரம்புக் கிளர்ச்சியை அடக்கும் காபா ஏற்பிகளில் செயல்பட்டுப் பதற்றத்தைத் தணிக்கும் இயல்புடையது. புரோஜெஸ்டிரோன் நின்று நின்று சுரக்கும் காலத்தில் அந்தத் தணிப்பும் நின்று நின்றுதான் கிடைக்கிறது. அதிகாலை 3 மணிக்கு அனலில் விழித்துக்கொள்ளும் பெண், மூன்று மணி நேரத் தூக்கத்தோடு அன்றைய வேலையைத் தொடங்குகிறாள். தூக்கம் கெட்ட உடலில் மறுநாள் மாலைக் கார்ட்டிசால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. வழக்கமாகத் தாங்கிக்கொள்ளும் ஒரு சொல்லை அன்று அவளால் தாங்க முடிவதில்லை. அந்தக் கோபத்தை மட்டும் பார்க்கிறவர்கள், அதற்கு முந்தைய இரவைப் பார்க்காதவர்கள்.

மன அழுத்தமா, ஹார்மோனா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. ஆனால் தொடங்கிவைத்தது சினைப்பையின் மாற்றம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்வதுதான் உங்களுக்கு இழைக்கப்பட்டிருக்கும் அநீதி.

ஆலோசகர் சொன்ன 'திருட்டு'க் கதையை அறவே விட்டுவிடுங்கள். கார்ட்டிசாலும் பெண் ஹார்மோன்களும் கொலஸ்ட்ராலிலிருந்து பிரெக்னெனோலோன் என்ற மூலப்பொருள் வழியாகத் தயாராகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சுரப்பியின் உயிரணுவும் தனக்கு வேண்டியதைத் தனக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிறது. அட்ரீனல் எடுத்துக்கொண்டதால் சினைப்பைக்கு இல்லாமல் போக, இரண்டுக்கும் பொதுவான கிடங்கு ஏதும் உடலில் இல்லை. உங்கள் ஈஸ்ட்ரோஜன் தடுமாறி, முடிவில் குறைவது சினைப்பையில் முட்டைகள் தீர்ந்துவருவதால். கடும் பட்டினியாலோ மன நெருக்கடியாலோ இளம்பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது உண்டு. அது மூளையிலிருந்து வரும் கட்டளை தடைபடுவதால் நேர்வது, காரணம் நீங்கினால் பெரும்பாலும் திரும்பிவிடும். 'அட்ரீனல் களைப்பு' என்ற நோயை அகச்சுரப்பியியல் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி ஏற்கவில்லை. அட்ரீனல் உண்மையிலேயே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு. அதை மருத்துவமனையில் முறையான பரிசோதனைகளால் கண்டறிகிறார்கள். பணம் வீணாவது மட்டுமே கவலை என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். 'அட்ரீனல் ஆதரவு' என்று அமெரிக்காவில் கடையில் விற்கும் 12 மாத்திரை வகைகளைப் பரிசோதித்து 2018-இல் வெளியான ஆய்வில், எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஏதாவதொரு ஸ்டீராய்டும் இருந்தது. படபடப்புக்கு மருந்து என்று நம்பி, படபடப்பைத் தரும் பொருளையே ஒரு பெண் விழுங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

சரி, சிகிச்சை என்ன? அனலுக்கும் இரவு வியர்வைக்கும் இன்றும் மிகவும் பயன் தருவது ஹார்மோன் சிகிச்சைதான். 2002-இல் இந்தச் சிகிச்சையைச் சோதித்த அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் உள்ளிட்ட ஆபத்துகள் தெரிந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்த அச்சம் இன்னும் விலகவில்லை. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63 என்பது செய்திகளில் மறைந்துபோயிற்று. 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் ஆகாதவர்களுக்கும், தடை செய்யும் வேறு நோய் இல்லாத நிலையில், நன்மையே மிகுதி என்பதே இன்றைய மருத்துவச் சங்கங்களின் கணிப்பு. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் கட்டாயம் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்கும் இது பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. முன்னே சொன்ன ஃபெசோலினெடன்ட் எடுப்பவர்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மன அழுத்தத்துக்கான சிகிச்சைக்கும் இங்கே மதிப்பான இடம் இருக்கிறது, ஆனால் அது பயிற்சி பெற்றவர் தர வேண்டிய சிகிச்சை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும், சி.பி.டி. எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை லண்டனில் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். அனல் வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும், அதனால் படும் அவதி நன்றாகக் குறைந்தது. மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி போன்றவை அனலைக் குறைப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் அறிவித்தது. அவற்றால் வேறு நன்மைகள் இருப்பதால் உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். முறையாகச் செய்யும் பயிற்சிக்கே இதுதான் நிலை என்றால், "அமைதியாக இரு" என்ற வெறும் சொல்லால் எந்த அனல் தணியும்?

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. மன அழுத்தம்தான் காரணம் என்று அவர் உண்மையாகவே நம்பினால், அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது அவர் கடமை. இந்த வயதில் பெண்ணின் ஒரு பக்கம் வளரும் பிள்ளைகள், மறுபக்கம் முதுமையில் தளரும் பெற்றோர், நடுவில் வேலை. இரவில் நீங்கள் விழித்துக் கிடந்தால் மறுநாள் காலை வேலையை அவர் ஏற்கட்டும். இருவருக்கும் தனித்தனிப் போர்வை இருக்கட்டும். படுக்கையறை குளிர்ச்சியாக இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது கூடவே வந்து, நீங்கள் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை அவரே சொல்லட்டும்.

வேறொரு மருத்துவரைப் பாருங்கள். போவதற்குமுன் சில வாரங்களுக்கு மாதவிடாய் வந்த நாள், அனல் வந்த நேரம், தூங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். தைராய்டு மிகைச் சுரப்பும் இதே படபடப்பையும் வியர்வையையும் தரும். அதிக உதிரப்போக்கால் வரும் ரத்தசோகையும் ஆளைத் தளர்த்திவிடும். இவ்விரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எதிலும் நாட்டமில்லாத சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலோ, வயதின் கோளாறு என்று தள்ளிவிடாமல் உடனே சொல்லுங்கள். இந்த இடைக்காலத்தில் மனச்சோர்வு நோய் கூடுதலாக வருவது நன்கு அறியப்பட்டது, சிகிச்சையும் உண்டு. இனிமேல் நினைவில் வைக்க வேண்டியது இன்னொன்று: மாதவிடாய் நின்று 12 மாதங்கள் ஆனபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் மகளிர் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்ற பதிலை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.